நாளுக்குப் பத்து கிராம்

பிறந்து சில நாள்களே ஆன பூனைக்குட்டி நன்றாக வளர்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். பால் குடித்த வயிறும் காற்று அடைத்த வயிறும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி உருண்டையாக இருக்கும். எலும்பு துருத்துவதை ரோமம் மறைத்துவிடும். அந்த வயதில் குட்டிகள் நாளின் பெரும்பகுதி தூங்கியே கழிப்பதால், வயிறு நிறைந்து தூங்குவது எது, தெம்பில்லாமல் கிடப்பது எது என்றும் பிரித்தறிய முடியாது. தூக்கிப் பழகியவர்களுக்கு 'என்ன, லேசாக இருக்கிறதே' என்று தோன்றும். ஆனால் கைக்கு அப்படித் தெரிவதற்குள் குட்டி நிறையவே இழந்திருக்கும்.

அதனால்தான், குட்டி வளர்க்க ஆரம்பிக்கிறேன், என்ன வாங்க வேண்டும் என்று யாராவது கேட்டால் முதலில் தராசு என்கிறேன். படுக்கை, பந்து, அழகான கிண்ணம் எல்லாம் அப்புறம். சமையலறையில் மாவு நிறுக்கும் சாதாரண டிஜிட்டல் தராசு போதும். ஒரு கிராம் வித்தியாசத்தை அது காட்ட வேண்டும், அவ்வளவுதான். மனிதர்கள் ஏறி நிற்கும் எடை இயந்திரம் இதற்கு உதவாது. அதில் 100 கிராம் கூடுவதும் குறைவதும் ஒரு பொருட்டே இல்லை. பிறந்த குட்டியின் மொத்த எடையே சுமார் 100 கிராம்தான்.

தராசின் மேல் கொஞ்சம் ஆழமான டப்பாவை வைத்து, உள்ளே மெல்லிய துணியை விரித்து, எண்ணைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்த பிறகு குட்டியை விடுங்கள். வெறும் தட்டில் விட்டால் சில்லிப்பில் நெளிந்துகொண்டே இருக்கும், எண் ஒரு இடத்தில் நிற்காது. தினமும் ஒரே நேரத்தில், பால் குடிப்பதற்கு முன் பாருங்கள். ஒரு வேளைப் பால் மூன்று நான்கு கிராம் கூட்டிக் காட்டும், ஒரு தடவை மலம் கழித்தால் அதுவே இறங்கும். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசமே பத்து கிராம் என்னும்போது இந்த மூன்று நான்கு கிராம் நம்மை நன்றாகவே குழப்பிவிடும். ஒரே நிறத்தில் இரண்டு மூன்று குட்டிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கால் நகத்தில் சின்னதாக நகச்சாயம் தொட்டு வைக்கலாம். கழுத்தில் நூல் கட்டும் பழக்கம் எனக்குப் பயமாக இருக்கிறது. குட்டியின் கழுத்து வளரும் வேகத்துக்கு நேற்று தளர்வாக இருந்த நூல் இன்னும் சில நாளில் இறுக்கும்.

இனி எண்களுக்கு வருவோம். பெரும்பாலான குட்டிகள் 85 முதல் 115 கிராம் வரையிலான எடையில் பிறக்கின்றன. முதல் 24 மணி நேரத்தில் சில கிராம் குறைவது உண்டு. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் அது சாதாரணம் இல்லை. அதன்பிறகு நாளுக்கு 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். இரண்டு வாரம் முடிவதற்குள் பிறந்தபோது இருந்ததைப்போல இரண்டு மடங்கு ஆகிவிட வேண்டும். ஒரு மாதத்தில் சுமார் 400 கிராம், இரண்டு மாதத்தில் சுமார் 900 கிராம். முதல் நான்கைந்து மாதங்களுக்கு, மாதத்துக்கு ஏறக்குறைய 450 கிராம் என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். பெருத்த உடம்புள்ள இனங்கள் இதைவிடக் கூடும். ஆண் குட்டிகள் வளர வளரப் பெண் குட்டிகளைத் தாண்டும்.

இந்த எண்களைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம். சொன்ன உடனே எல்லோரும் தங்கள் குட்டியை இந்த எண்ணோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள். 'எங்கள் குட்டிக்கு ஒரு மாதம், 360 கிராம்தான் இருக்கிறது, மோசமா?' என்று கேட்கிறார்கள். நேற்று எவ்வளவு இருந்தது, அதற்கு முன்தினம் எவ்வளவு என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 80 கிராமில் பிறந்து ஒரு நாள் தவறாமல் பத்துப் பத்தாக ஏறி 360-ல் நிற்கும் குட்டி நலமாக இருக்கிறது. 430 வரை ஏறி, இரண்டு நாளாக இறங்கி 410-ல் நிற்கும் குட்டிதான் கவலைக்குரியது. பட்டியலில் பார்த்தால் இரண்டாவது குட்டிதான் நல்ல நிலையில் இருப்பதுபோலத் தெரியும்.

ஒருமுறை ஒரே ஈற்றில் பிறந்த நான்கு குட்டிகள் தாயோடு எங்கள் வீட்டில் இருந்தன. கடைக்குட்டி 78 கிராம். வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துத்தான் உச்சுக் கொட்டினார்கள். மூத்தவன் 112 கிராம், மற்றவர்களை இடித்துத் தள்ளிவிட்டு முதல் ஆளாகப் போய்ப் பால் குடிப்பான். எங்கள் கவனமெல்லாம் சவலையாகத் தெரிந்த அந்தப் பொடியன் மேல்தான். ஆனால் நோட்டில் பொடியனின் வரிசை ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் 9, மறுநாள் 11, அடுத்த நாள் 10. முதல் வாரம் முடியும் முன்பே நின்றது மூத்தவனின் எண். 151-க்கு வந்தவன் மறுநாளும் 151. அதற்கு அடுத்த நாள் காலை 148.

பார்க்க அவனிடம் ஒரு மாற்றமும் இல்லை. அழவில்லை, உடம்பு சூடாக இருந்தது, மற்றவர்களோடு குவியலாகத்தான் படுத்திருந்தான். பால் குடிக்கிறானே என்று வீட்டில் சொன்னார்கள். காம்பில் வாய் வைத்துக்கொண்டிருந்தான் என்பது உண்மை. அப்போதுதான் பால் குடிப்பதற்கு முன்பும் பின்பும் எடை பார்த்தோம். இது மிக எளிய சோதனை, தாயோடு இருக்கும் குட்டிகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பொடியன் குடித்து முடித்தபோது 4 கிராம் கூடியிருந்தான். மூத்தவன் அதே அளவு நேரம் காம்பைப் பிடித்திருந்தும் ஒரு கிராம்கூட ஏறவில்லை. வாயை வைத்துக்கொண்டிருந்தானே தவிர உறிஞ்சவில்லை.

அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் குட்டியைத் திருப்பி, தொப்புளைச் சுற்றி ரோமத்தை விலக்கிக் காட்டினார். லேசான சிவப்பு, தொட்டால் சின்ன வீக்கம். தொப்புள்கொடி விழுந்த இடத்தில் கிருமி புகுந்திருந்தது. பிறந்த குட்டிகளுக்கு இது இரத்தத்தில் கலந்துவிட்டால் காப்பாற்றுவது மிகக் கடினம். மருந்து ஆரம்பித்த மறுநாள் எடை அப்படியே நின்றது, அதற்கு மறுநாள் 6 கிராம் ஏறியது. அந்த ஆறைப் பார்த்தபோது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. மருத்துவர் எங்கள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சாப்பிடலைன்னு சொல்லிட்டுக் கொண்டு வர்ற நேரத்துல பாதிக் குட்டிங்க கைய விட்டுப் போயிருக்கும். நீங்க எடை ஏறலைன்னு வந்தீங்க" என்றார்.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் விதி இதுதான். பிறந்த முதல் நாளைத் தவிர்த்து, முதல் நான்கு வாரத்தில் 24 மணி நேரம் எடை கூடவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். குறைந்திருந்தால், அதுவும் முதல் இரண்டு வாரத்தில் என்றால், தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். இந்த வயதில் குட்டியின் உடம்பில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. பால் இறங்காத சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடும், தாழ்ந்தால் உறிஞ்சத் தெம்பு இருக்காது, உறிஞ்சாவிட்டால் இன்னும் தாழும். காலையில் நன்றாக இருந்த குட்டி மறுநாள் காலை இல்லாமல் போவது இப்படித்தான்.

காரணம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது சூடு. முதல் வாரத்தில் குட்டிகளுக்கு நடுங்கத் தெரியாது, நடுங்கிச் சூடு உண்டாக்கும் திறன் பின்னால்தான் வருகிறது. அப்போது அவற்றின் உடல் வெப்பமே 35 முதல் 37 டிகிரி செல்சியஸ்தான். வளர்ந்த பூனைக்கு 38-க்கு மேல் இருக்கும். தாயும் கூடப்பிறந்தவர்களும் தரும் கதகதப்பை நம்பித்தான் அவை இருக்கின்றன. குவியலிலிருந்து ஒரு குட்டி விலகிப்போய்த் தனியே கிடந்தால், பாதமும் வாயின் உட்புறமும் சில்லென்று இருந்தால், எடை ஏறாததற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது. குடல் வேலை செய்யாமல் நின்றிருக்கும், பால் செரிக்காது, மூச்சுக்குழாயில் போகும் ஆபத்தும் அதிகம். முதலில் உடம்போடு அணைத்து, அல்லது துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலின் அருகில் வைத்து, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டுச் சுடச்சுட எதன்மேலும் வைத்துவிடாதீர்கள், விலகிப் போகக் குட்டிக்கு இடம் இருக்க வேண்டும். சூடு வந்த பிறகுதான் பால்.

தாயில்லாத குட்டி என்றால் தராசு இன்னும் பெரிய வேலை செய்கிறது, ஏனென்றால் எவ்வளவு பால் கொடுப்பது என்பதையே எடைதான் தீர்மானிக்கிறது. 100 கிராம் குட்டியின் வயிறு ஒரு தடவைக்குச் சுமார் 4 மில்லிதான் கொள்ளும். பசித்து அழுகிறதே என்று ஒரேயடியாக ஊட்டினால் கழிச்சலோ, மூக்கு வழியாகப் பால் வருவதோதான் மிஞ்சும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். எடை ஏற ஏற அளவைக் கூட்டி இடைவெளியை அதிகப்படுத்தலாம். கைக்குழந்தையைப்போல மல்லாக்கப் போட்டு ஊட்டாதீர்கள். தாயிடம் குடிப்பதுபோல் வயிறு கீழே இருக்க, தலை சற்று நிமிர்ந்திருக்க வேண்டும். பால் என்று நான் சொல்வது பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பவுடரை. பசும்பாலில் குட்டிக்குத் தேவையான புரதமும் கொழுப்பும் போதாது, அதில் இருக்கும் பால்சர்க்கரை பல குட்டிகளுக்குக் கழிச்சலைக் கொண்டுவரும். கழிச்சல் கண்ட குட்டியின் எடை ஒரே நாளில் எவ்வளவு இறங்கும் என்பதைப் பார்த்தவர்கள் திரும்ப அதைத் தொட மாட்டார்கள்.

இன்னொன்று. மூன்று வாரம் வரை குட்டிகளால் தாமாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய் நக்கிவிட்டுத்தான் கழிய வைக்கும். தாய் இல்லாவிட்டால் ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் நாம் மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். சிறுநீர் வெளிர்நிறமாக இருப்பது நல்லது. அடர்மஞ்சளாக வந்தால் உடம்பில் நீர் போதவில்லை. இந்த வயதில் தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனையை நம்ப முடியாது. ஈறு ஈரமாக இருக்கிறதா, சிறுநீர் என்ன நிறம், எடை என்ன, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது. சேர்ந்தே குறித்தும் வையுங்கள்.

எங்கிருந்தோ மீட்டு வந்த குட்டிக்குப் பிறந்த தேதி தெரியாது, அப்போது எடையை எதோடு பொருத்திப் பார்ப்பது? பலர் எடையை வைத்தே வயதைச் சொல்லிவிடுகிறார்கள், 450 கிராம் என்றால் ஒரு மாதம் என்று. வயிறார வளர்ந்த குட்டிக்கு அது சரி. பட்டினி கிடந்த குட்டிக்கு முழுக்கத் தவறு. வயதைக் கண்ணும் பல்லும்தான் சொல்லும். கண் திறப்பது 7 முதல் 14 நாளுக்குள். தள்ளாடி நடக்க ஆரம்பிப்பது மூன்று வாரத்தில், முன்பற்கள் எட்டிப்பார்ப்பதும் அதே சமயம்தான். கோரைப்பற்கள் மூன்று நான்கு வாரத்தில், கடைவாய்ப் பால்பற்கள் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள். கண்ணின் நீலம் மாறத் தொடங்குவது ஆறேழு வாரத்தில். பால்பற்கள் மொத்தம் 26. அவை எல்லாம் முளைத்து, கண் நிறமும் மாறத் தொடங்கிய ஒரு குட்டி 500 கிராம்தான் இருக்கிறது என்றால் அது ஒரு மாதக் குட்டி இல்லை. இரண்டு மாதக் குட்டி, பாதி உடம்போடு வந்து நிற்கிறது. இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினால் ஒன்றுக்குத் தவறிவிடும். பட்டினியிலிருந்து வந்ததற்கு ஒரேயடியாக வயிறு முட்டக் கொடுக்காமல், சின்னச் சின்ன வேளைகளாகப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே கூட்ட வேண்டும்.

நான்கு வாரத்துக்குப் பிறகு பால்குடி மறக்கத் தொடங்கும்போது எடையில் ஒரு சின்னத் தேக்கம் வரும். புதுச் சாப்பாட்டைக் குட்டி மிதிக்கும், மூக்கில் பூசிக்கொள்ளும், வயிற்றுக்குள் கொஞ்சம்தான் போகும். மற்றபடி துள்ளி விளையாடினால் ஒரு நாள் தேக்கத்துக்குப் பதற வேண்டாம், ஆனால் பாலை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். எடை மறுபடி சீராக ஏறும்வரை இரண்டும் சேர்ந்தே போகட்டும்.

இந்தச் சமயத்தில் எடையும் நம்மை ஏமாற்றுவது உண்டு, குடற்புழு விஷயத்தில். நாக்குப்பூச்சி தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுகிறது. வெளியே விடாமல் வளர்த்த குட்டிக்கு எப்படி வந்தது என்று பலரும் வியப்பதற்கு இதுதான் விடை. எண் மெதுவாக ஏறும், வயிறு பானைபோல உப்பியிருக்கும், ஆனால் முதுகெலும்பை விரலால் வருடினால் ஒவ்வொரு கணுவும் தட்டுப்படும். வயிற்றைப் பார்த்து 'நன்றாகச் சாப்பிடுகிறான்' என்று மகிழ்வதற்கு முன் முதுகைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்திலேயே மருத்துவர் புழு மருந்தை ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்கச் சொல்வார். அதன் அளவும் எடையைப் பொறுத்ததுதான். 300 கிராம் குட்டிக்கு 600 கிராமுக்கான மருந்து போனால் என்ன ஆகும் என்று யோசித்தால், உத்தேசமாகச் சொல்லும் பழக்கம் போய்விடும். தெள்ளுப்பூச்சி மருந்துக்கும் இதே கணக்கு. பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தபட்ச வயதும் எடையும் உண்டு, நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு விஷம். தெள்ளு அதிகமான சின்னக் குட்டி இரத்தம் வற்றியே இறந்துபோகலாம், ஆகவே எடை ஏறாத குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் ரோமத்தை விலக்கிப் பாருங்கள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை எடை பார்த்தால் போதும். குழந்தைகளுக்கு இருப்பதுபோலவே பூனைக்குட்டிகளுக்கும் வளர்ச்சிக் கோடுகள் கொண்ட வரைபடங்கள் இப்போது இருக்கின்றன. செல்லப்பிராணிகளைப் பற்றி ஆராயும் வால்தம் ஆய்வு நிலையம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக அவற்றை வெளியிட்டிருக்கிறது. அவற்றிலும் உங்கள் குட்டி எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதைவிட, அந்தக் கோட்டை ஒட்டியே போகிறதா என்பதுதான் முக்கியம். கீழே சரிந்தால் நோய் இருக்கலாம். மேலே தாவினால் கொழுப்பு சேரத் தொடங்கியிருக்கிறது.

மேலே தாவுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது என் வருத்தம். கருத்தடை செய்தபின் பூனைக்குப் பசி கூடும், தேவைப்படும் சாப்பாடோ குறையும். நான்கைந்து மாதம் வரை 'சாப்பிடு, சாப்பிடு' என்று ஊட்டிய கை அதே அளவையே தொடர்ந்து வைக்கிறது. அதனால் கருத்தடைக்குப் பிந்தைய சில மாதங்களில் தராசை மூட்டை கட்டிவிடாதீர்கள். விலா எலும்பின்மேல் விரலை வைத்துப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு கைக்குத் தெரிய வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு லேசாக ஒடுங்கியிருக்க வேண்டும். இது சரியாக இருந்து, எண்ணும் ஒழுங்காக இருந்தால் அளவு சரி.

ஆறு மாதம் தாண்டிய பிறகு ஏற்றம் மெதுவாகும், மாதம் ஒருமுறை பார்த்தாலே தெரிந்துவிடும். குட்டியை வேறு வீட்டுக்குக் கொடுக்கும்போது நோட்டின் பக்கங்களையும் கூடவே கொடுத்துவிடுவேன். கடைசி எடை, கடைசியாகப் புழு மருந்து கொடுத்த தேதி, தடுப்பூசி தேதிகள், எந்தச் சாப்பாடு எத்தனை கிராம் என்பதையும் எழுதித் தருவேன். புது இடத்துக்குப் போன முதல் வாரத்தில் குட்டிகள் பயத்தில் சாப்பிடாமல் இருப்பதுண்டு. எத்தனை கிராம் குறைந்திருக்கிறது என்று புது வீட்டார் பார்த்துச் சொன்னால், காத்திருக்கலாமா, உடனே மருத்துவரிடம் போக வேண்டுமா என்று போனிலேயே பேசி முடிவெடுத்துவிடலாம்.